மைத்துனன் கடை நெடி

"மலையாள மாதம் சிங்கம் ஒன்று, ஆவணிப் பிறப்பு. காலையில் அடுத்த வீட்டில் கணபதி ஹோமம். அது முடிந்ததும் கடை திறப்பு. அவன் பாயசம் கொடுத்தனுப்பினான். மாலை விளக்கேற்றும் நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு நெடி. வார்னிஷும் அழுகின பழமும் கலந்தது போல. அவளுக்கு இருமல் தொடங்கியது. ஜன்னல்களைச் சாத்தினேன். நெடி ஜன்னல் வழியாக வரவில்லை."

இது என் தினக்குறிப்பில் உள்ளபடி. இந்தத் தெருவில் யார் வீட்டில் எப்போது என்ன நடந்தது என்று குறித்து வைப்பது ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஏற்பட்ட வேலை. குழாய்த் தண்ணீர் வந்தது, ஓடு போய் கான்கிரீட் வந்தது, எந்த வீடு யாருக்குக் கைமாறியது என்பதையெல்லாம் யார் பக்கமும் சாயாமல் எழுதிவந்திருக்கிறேன். இந்தப் பகுதியை அப்படி எழுதப்போவதில்லை. எழுதவும் முடியாது. 'அவன்' என்று குறிப்பில் இருப்பது என் மைத்துனன், என் மனைவியின் ஒரே தம்பி. 'அவள்' என் மனைவி. அந்த நெடி யாருடைய மூச்சைப் பிடித்ததோ அவள்.

மலையாள ஊரில் எங்கள் தமிழ்த் தெருவான வலியசாலையில் எங்கள் வீடும் அவள் பிறந்த வீடும் ஒட்டினாற்போல் இருப்பவை. நடுவில் ஒரே சுவர். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது, பெண்ணை இவ்வளவு பக்கத்தில் கொடுத்துவிட்டுத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டா போய்ப் பார்ப்பது என்று என் மாமனார் அந்தச் சுவரில் ஒரு வாசலை வெட்டினார். எங்கள் முற்றத்திலிருந்து அவர்கள் கூடத்துக்கு ஒரு பலகைக் கதவு. சாம்பாரும் சண்டையும் பல காலம் அந்த வழியாகத்தான் போய்வந்தன. மாமனாரும் மாமியாரும் காலமான பிறகு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. செங்கல் வைத்து அடைக்கவில்லை. பெண்ணின் பிறந்த வீட்டு வாசலை அடைக்கக்கூடாது என்பது எங்கள் தெருவில் எல்லோரும் வைத்திருக்கும் நம்பிக்கை. அடைத்த வீடு ஒன்றைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் விசாரித்தவரை அப்படி ஒரு வீடு இருந்ததற்கே ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் யாரும் அடைப்பதில்லை.

மைத்துனன் வளைகுடாவில் வெகுகாலம் வண்டி ஓட்டினான், பிறகு வண்டிகளைக் கழுவும் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வை பார்த்தான். திரும்பி வந்ததும் பிறந்த வீட்டின் முன்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டு, தகரக் கூரை போட்டு, இரண்டு கார் நிற்கிற மாதிரி ஒரு கொட்டகை கட்டினான். இடையிலிருந்த சுவரையும் பலகைக் கதவையும் மட்டும் தொடவில்லை. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ உயரத்துக்கு இடைவெளி விட்டிருந்தான். வெளியே பலகையில் இருந்தது கார் பராமரிப்பு நிலையம் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயர். தண்ணீர் விட்டுக் கழுவுவதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவன் வியாபாரமே கழுவிய பிறகுதான் தொடங்கும். தார் ஒட்டியிருந்தால் அதை நீக்க ஒரு திரவம். கீறலைத் தேய்க்க ஒரு பசை. டயர் பளபளக்க ஒன்று, டாஷ்போர்டுக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே செராமிக் கோட்டிங் என்று கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அந்தப் பூச்சு காயும்வரை தூசி விழக்கூடாதாம். அதனால் முன் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வேலை நடக்கும். தெருப் பக்கம் அடைபட்ட ஆவி எங்கே போகும்? பலகைக் கதவின் இடுக்கிலும் சுவருக்கு மேலிருந்த இடைவெளியிலும் புகுந்து எங்கள் முற்றத்தில் வந்து இறங்கும்.

என் மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே மழைக்காலத்தில் லேசான இழுப்பு உண்டு. கஷாயத்தோடு போய்விடும். சிங்க மாதம் முடிவதற்குள் அது இரவில் உட்கார்ந்தே தூங்கும் அளவுக்கு வந்தது. சமையலறையில் தாளிக்கும்போது பேச்சை நிறுத்தி மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் எட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவாள். வாயால் சொல்வதற்கு மூச்சு போதாது.

முதல் தடவை நான் போய்ப் பேசியது மரியாதையாகத்தான். அவன் சிரித்தான். அவனுக்கு எப்போதும் சிரிப்புதான்.

"அத்திம்பேரே, அது ஒண்ணும் விஷம் இல்லை கேட்டேளா. புதுக் கார் மணம். ஜனங்கள் காசு கொடுத்து வாங்கற மணமாக்கும்."

"உன் அக்காவுக்கு மூச்சு முட்டறது."

"சாரமில்லை, பரவாயில்லை. ரெண்டு மாசம் போனா பழகிடும். எனக்கெல்லாம் பழகலையா?"

பழகியிருந்தது உண்மைதான், ஆனால் எப்படிப் பழகியது என்பதை அன்றே பார்த்தேன். உள்ளே கறுப்புக் கார் ஒன்றுக்குப் பூச்சு பூசுகிற வேலை காத்திருந்தது. அவன் ஆணியிலிருந்து ஒரு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் உருண்டையான வடிகட்டி வைத்தது. தன் மூச்சுக்கு அவன் காவல் போட்டிருந்தான். சுவருக்கு இந்தப் பக்கம் அக்கா இருக்கிறாள் என்பது அவன் கணக்கில் சேரவில்லை. அந்த முகமூடியைப் பார்த்த நிமிடத்திலிருந்து அவன் எனக்கு மைத்துனன் இல்லாமல் போனான்.

மறுநாள் அவன் ஒரு பரிசு அனுப்பினான். காரில் தொங்கவிடுகிற வாசனைப் புட்டி, ஸ்ட்ராபெரி மணம். முற்றத்தில் மாட்டி வைத்தால் நெடி தெரியாதாம். அவள் அதைத் திறந்து முகர்ந்துவிட்டு அரை மணி நேரம் இருமினாள். புட்டியைக் கொண்டுபோய் அவன் கடை வாசலில் வைத்தேன். எறியவில்லை. எறியலாம் என்று கை சொன்னது.

அவன் பின்பக்கம் தூக்கிப்போடும் காலி டப்பாக்களில் ஒன்றை எடுத்துவந்து பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எழுத்தை எறும்பை விடச் சிறிதாக அச்சிட்டிருந்தார்கள். நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் உபயோகிக்கவும், ஆவியைச் சுவாசிக்க வேண்டாம், சுவாச நோயுள்ளவர்கள் தவிர்க்கவும். அதை அவனிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவன் கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படிதான் வாசித்தேன்.

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரா பயந்துண்டு எழுதறது. சிகரெட்டுலயும்தான் எழுதியிருக்கு, ஆரு விட்டா?" என்றான். பிறகு வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பி, "எங்க அத்திம்பேருக்கு வாசிக்கறதுதான் வேலை. டப்பா கிடைச்சா டப்பா" என்றான். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் தேதி போட்டுக் குறித்தேன்.

கன்னி மாதம், எங்களுக்குப் புரட்டாசி, மாநகராட்சிக்கு மனு எழுதினேன். முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் குறிப்பும் கடிதமும் எழுதிய கை அது. குடியிருப்புத் தெரு, பொதுச்சுவர், மூடிய ஷட்டர், நோயாளி, மருந்துச் சீட்டின் நகல் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு ஓட்டை இல்லாமல் எழுதினேன். ஆய்வாளர் ஒருவர் வருவதாகத் தகவல் வந்தது. அவர் வந்த நாளில் கடையில் ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. ஒரு டப்பாகூடக் கண்ணில் படவில்லை. வேலையாட்கள் வெறும் தண்ணீரால் ஒரு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊதுபத்தி கூட ஏற்றி வைத்திருந்தான். ஆய்வாளர் மலையாளத்தில் என்னிடம் பணிவாகச் சொன்னதன் சாரம், வயதான காலத்தில் பக்கத்து வீட்டோடு பகை வேண்டாமே என்பது.

யார் முன்கூட்டியே சொன்னது என்று எனக்கு ஒரு வாரம் தெரியவில்லை. ஆய்வாளரைச் சந்தேகித்தேன். அலுவலகத்தில் எனக்குப் பழக்கமான ஒருவரையும் சந்தேகித்தேன். ஒரு நாள் மத்தியானம் அவளே சொன்னாள்.

"நான்தான் கதவண்டை நின்னு சொன்னேன்."

"ஏன்?"

"பொறந்தாத்துல அதிகாரி வந்து நிக்கறதைத் தெரு பாக்கணுமா? அப்பா இருந்த வீடு."

அவள் மூச்சிரைப்புக்கு நடுவே அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லி முடிக்கவே நேரமாயிற்று. எதிரியின் உளவாளி என் வீட்டிலேயே, அதுவும் எதிரியால் மூச்சுத் திணறுகிறவளாகவே இருக்கிறாள் என்ற நிலைமையை நான் படித்த எந்த யுத்த சரித்திரத்திலும் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவளுக்குத் தெரியாமல்தான் செய்தேன். நவராத்திரி வந்தது. அஷ்டமி சாயங்காலம் பூஜைவைப்பு. புத்தகங்களைத் துடைத்துச் சரஸ்வதியின் முன் அடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பரணிலும் அலமாரியிலுமாக இருக்கும் புத்தகங்கள் ஒரு தலைமுறைத் தூசியோடு இருப்பவை. வழக்கமாக நான்கைந்தை ஈரத் துணியால் துடைத்து வைப்பேன். அவள் அந்த ஒன்பது நாளும் ஸ்ரீவராகத்தில் எங்கள் பெண் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தாள். அங்கே அவளுக்கு இருமல் இல்லை என்பதையும் குறித்து வைத்திருந்தேன். அஷ்டமி காலையில் பக்கத்தில் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. ஆணியில் தொங்குகிற முகமூடி இப்போது அவன் முகத்தில் இருக்கும் என்று தெரியும். ஏணியைப் பொதுச்சுவரின் மேல் சாய்த்துக்கொண்டு, எல்லாப் புத்தகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே கொண்டுபோய், இடைவெளிக்கு நேரே பிடித்து, இரண்டு அட்டையையும் சேர்த்து அறைந்தேன். பழைய அகராதி ஒன்றே ஒரு முழம் தூசி கக்கியது. சட்டப் புத்தகங்களும் ஏமாற்றவில்லை. சரஸ்வதிக்காகப் புத்தகம் துடைக்கிறவனை யாரும் கேள்வி கேட்க முடியாது. அன்று என் உடம்பில் இருந்த சந்தோஷத்தை எழுத எனக்கு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. மூக்கு முழுக்கத் தூசியோடு நின்று நான் சிரித்தேன்.

அந்தப் பக்கம் ஒரு மருத்துவரின் வெள்ளைக் காரில் பூச்சு காய்ந்துகொண்டிருந்தது. பூச்சில் பொட்டுப் பொட்டாகத் தூசி உட்கார்ந்துவிட்டது. முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி பூச வேண்டியதாயிற்று. விஜயதசமி அன்று அவன் முற்றத்துக் கதவைத் தட்டினான்.

"அத்திம்பேரே, இது நன்னாயிருக்கா?"

"எது?"

"உங்களுக்குத் தெரியும்."

"புத்தகம் துடைச்சேன். அதுவும் புது மணம்தான். ரெண்டு மாசம் போனா பழகிடும்."

அவன் முகத்தில் சிரிப்பு இல்லாததை நான் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தேன். தீபாவளிக்கு முன்பாக அந்த இடைவெளியை ஒரு பலகையால் அடைத்து, அதில் வட்டமாக வெட்டி, பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை மாட்டினான். காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளுகிற ஃபேன். வெளியே என்றால் எங்கள் முற்றம். இனி ஒரு தூசியும் அந்தப் பக்கம் போகாது. அவன் கடையின் மொத்த ஆவியும் பிடித்துத் தள்ளினாற்போல இந்தப் பக்கம் வரும். அவள் ஸ்ரீவராகத்திலிருந்து திரும்பியிருந்தாள். துளசிச் செடியின் இலைகள் ஃபேன் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தன.

மார்கழியில், இங்கே தனு மாதத்தில், ஒரு நாள் விடியற்காலை கோலம் போட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. முந்தின நாள் முழுக்க அங்கே இரண்டு காருக்குப் பூச்சு நடந்தது. மருத்துவமனையில் மூக்கில் குழாய் மாட்டினார்கள். மார்பு நோய் மருத்துவர் இளைஞர். என் வீட்டு அமைப்பைக் காகிதத்தில் வரையச் சொன்னார். ஃபேன் இருக்கிற இடத்தைப் பேனாவால் சுற்றினார். எந்த ஆவி எவ்வளவு தீங்கு செய்தது என்று தன்னால் அளந்து சொல்ல முடியாது, ஆனால் ஏற்கெனவே சுருங்குகிற மூச்சுக்குழாய்க்கு இது தினமும் அடி கொடுப்பது மாதிரி என்றார். ஒன்று அந்தக் கடை போக வேண்டும், அல்லது நீங்கள் இருவரும் போக வேண்டும் என்றார். அடுத்த தடவை இவ்வளவு சீக்கிரம் கொண்டுவர முடியாமல் போகலாம் என்பதையும் அவர் சொன்னார். அதை மட்டும் மெதுவாக, என் காதருகில் சொன்னார்.

அவன் பார்க்க வந்தான். கடையிலிருந்து நேரே வந்திருந்தான். அவன் சட்டையிலிருந்து அந்த வாசனை அவனுக்கு முன்னால் அறைக்குள் வந்தது. அவள் குழாயோடு எழுந்து உட்கார்ந்து இருமத் தொடங்கினாள். நர்ஸ் அவனை முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே போய் நிற்கச் சொன்னாள். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவு வழியாக அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. அவன் கையிலிருந்த பழத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவன் அங்கே எவ்வளவு நேரம் இருக்கிறானோ அவ்வளவு நேரம் இருக்கட்டும் என்று விட்டேன்.

வீடு திரும்பியதும் கதவைச் செங்கல் வைத்து அடைப்போம், ஃபேனுக்கு நேரே சுவர் எழுப்புவோம் என்றேன். பிறந்த வீட்டுப் பக்கம் எதையும் அடைக்க அவள் ஒப்பவில்லை. வாடகைக்கு வேறு வீடு பார்க்கலாம் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. பிறந்ததும் வாழ்வதும் இந்த இரண்டு வாசலில், மூன்றாவது வாசல் தனக்குத் தெரியாது என்றாள். ஃபேன் ஓடுகிற நேரங்களில் படுக்கையறைக் கதவிடுக்கில் ஈரத் துண்டைச் செருகி உள்ளே உட்கார்ந்திருப்பாள். நானும் உடன் உட்கார்ந்திருப்பேன். அவளுக்குச் சுவாசிப்பது ஒரு வேலையாகிவிட்டது. எனக்கு அவனை வெறுப்பது.

இப்போது கனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை, குளிப்பதற்கு முன்பே, எங்கள் பெண்கள் முற்றத்தில் மஞ்சள் இலைகளைப் பரப்பி, மஞ்சள் கலந்த சாதம், குங்குமம் கலந்த சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்சாதம் என்று சிறு சிறு பிடியாகப் பிடித்துக் காக்கைகளுக்கு வைப்பார்கள். கூடப்பிறந்தவர்கள் காக்கைக் கூட்டம் போல ஒற்றுமையாக, குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதுதான் அது. கல்யாணமான பெண் எவ்வளவு வயதானாலும் தம்பிக்காக வைப்பாள். சண்டை போட்டவர்களும் வைப்பார்கள். வைக்காதவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை.

மைத்துனனுக்கு அதில் இருந்தது சாதாரண நம்பிக்கை அல்ல. வளைகுடாவில் ஒரு கனு அன்று அவன் ஓட்டிய வண்டி நெடுஞ்சாலையில் புரண்டது. உடன் இருந்தவர்களுக்கெல்லாம் எலும்பு முறிந்தது, இவன் சட்டை கூடக் கிழியாமல் வெளியே வந்தான். அக்கா வைத்த பிடிதான் தன்னைத் தூக்கி வெளியே வைத்தது என்று கல்யாணம், சீமந்தம், திவசம் எதிலும் அவன் இந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. எந்த நாட்டில் இருந்தாலும் கனு அன்று காலை அவன் போன் வரும். கேட்பது ஒரே கேள்வி, வெச்சாச்சா என்பது. வெச்சாச்சு என்று அவள் சொன்னதும் போனை வைத்துவிடுவான். அதை வைத்து அவனை அடிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சட்டம், மனு, தூசி என்று யோசிக்கத்தான் எனக்குத் தெரிந்தது.

பொங்கல் அன்று சாயங்காலம், அவள் படுக்கையறையிலிருந்து எழுந்து வந்து, பலகைக் கதவின் முன்னால் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தாள். தட்டினாள். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்டது. நான் முற்றத்தின் மறு ஓரத்தில் நின்றேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

"நாளைக்கு உன் பேருக்கு நான் பிடி வைக்கப்போறதில்லை" என்றாள்.

அவன் சிரிக்கத்தான் பார்த்தான். "என்னக்கா இது? அத்திம்பேர் சொல்லித் தந்தாளா?"

"அவருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குப் புத்தகம்தான் தெரியும்."

"ஃபேனை மாத்திடறேன். தை முடியறதுக்குள்ள மாத்திடறேன். போறுமா?"

"ஃபேனோடயாடா எனக்குப் பகை?"

அவளுக்கு மூச்சு சேர்த்துக்கொள்ள நேரம் வேண்டியிருந்தது. அவன் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு இழுப்பும் அவன் கடையிலிருந்து வந்தது, இப்போது அவனுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"நன்னா இருன்னு வேண்டிக்கறதுக்கு எனக்கு மூச்சு வேண்டாமா?" என்றாள். "அதை நீ எடுத்துண்டாச்சு. பின்னே எதை வெச்சு வேண்டிக்கறது?"

"அக்கா, அதை மட்டும் நிறுத்தாதே. வேறே என்ன வேணும்னாலும் சொல்லு. நான் கால்ல விழறேன்."

"எழுப்பிவிட எனக்குத் தெம்பில்லை. விழுந்தா நீயேதான் எழுந்துக்கணும்."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை அவளே போட்டாள். அப்போது எனக்குள் நடந்ததை ஒளிக்கத் தேவையில்லை. என் மனு, என் தூசி எல்லாவற்றையும் விட ஒரு படி மேலே, அவனுக்கு எங்கே வலிக்குமோ அங்கே, ஒரு பாத்திரம் கூட நகராமல் அடித்துவிட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

மறுநாள் போன் விடாமல் அடித்தது. அவள் எடுக்கவில்லை. ஒரு தடவை நான் எடுத்தேன். "வெச்சாளா?" என்றான். "நீயே வந்து கேளு" என்றேன். வரவில்லை. பயந்தான். வந்து கேட்டு இல்லை என்று பதில் கிடைத்தால் அவனால் தாங்க முடியாது. அதைவிட நல்ல தண்டனை எனக்குத் தெரியாது. அடுத்த சில நாட்களில் கடையின் சோப்புத் தண்ணீரில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. தினமும் அந்தத் தரையில் நடக்கிறவன், இதுவரை வழுக்காதவன். கட்டுப் போட்ட கையோடு கடை வாசலில் நின்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததாகத் தெருவில் சொன்னார்கள். நானும் ஒரு தடவை பார்த்தேன். நான் அவனைப் பார்த்துத் தலையசைத்தேன், கை வலியை விசாரிக்கிற மாதிரி. அவன் உள்ளே போய்விட்டான்.

கும்ப மாதம், எங்களுக்கு மாசி, பிறந்து, பெண்களெல்லாம் ஆற்றுகால் அம்மன் பொங்கலுக்குத் தெருவில் அடுப்புக் கூட்டக் கல் தேடிக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு லாரி வந்தது. டப்பாக்கள், தேய்க்கிற மெஷின்கள், தண்ணீர் பம்பு, பெயர்ப் பலகை எல்லாம் ஏறின. பைபாஸ் ஓரத்தில் வீடுகள் இல்லாத இடத்தில் கடை எடுத்திருக்கிறானாம். முகமூடியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனான். ஃபேனைக் கழற்றிய ஓட்டையை நான் ஒரு பலகையால் மூடினேன். கடை இருந்த தரையில் எண்ணெய்க் கறை பெரிதாகப் பரவியிருந்தது. அதைத் தேய்த்து எடுக்க ஆள் வேண்டுமா என்று அவன் யாரையோ விட்டு என்னிடம் கேட்டனுப்பினான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், வந்து போகிறவர்கள் பார்க்கட்டும் என்றேன். இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

அவளுக்கு மூச்சு முழுக்கத் திரும்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மருந்துக் குழலை முந்தானையில் முடிந்துகொண்டுதான் நடக்கிறாள். ஆனால் படுத்துத் தூங்குகிறாள். தாளிக்கும்போது பேசுகிறாள், என்னைத் திட்டவும் செய்கிறாள். அவன் மாதம் ஒரு தடவை வருகிறான், குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, எதுவும் பூசாமல். கூடத்துக்குள் வராமல் வாசற்படியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறான். நான் அவனுக்கு நாற்காலி போடுவதில்லை.

ஒரு செய்தி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கனு அன்று விடியற்காலை, வழக்கமில்லாத வழக்கமாக, அவள் என்னைச் சாலைக் கடைத்தெருவுக்கு வெற்றிலை வாங்க அனுப்பினாள். வெற்றிலை வீட்டில் இருந்தது. அதை நான் திரும்பி வந்த பிறகுதான் கவனித்தேன். நான் வரும்போது அவள் குளித்து, ஈரத் தலையோடு இருந்தாள். முற்றம் கழுவிவிட்டிருந்தது. மஞ்சள் இலைக் கட்டு சமையலறையில் இருந்தது, ஆனால் வாங்கிய அன்று எத்தனை இலை இருந்தது என்று நான் எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை எண்ணவில்லை. தகரக் கூரையில் காக்கைகள் இருந்தன. அவை தினமும் இருக்கிறவை. வைத்தாயா என்று கேட்டேன். "யாருக்காகக் கேக்கறேள், அவனுக்கா, உங்களுக்கா?" என்றாள். பிறகு வேறு வேறு சமயங்களிலும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் பெண்ணையும் கேட்கச் சொன்னேன். யாருக்கும் பதில் சொல்லவில்லை. வைக்கவில்லை என்பதுதான் நான் விரும்புகிற பதில். அவன் நம்புவதும் அதுவே. ஆனால் அன்று முற்றத்தில் தம்பியின் பெயருக்குப் பிடி வைக்கப்பட்டதா இல்லையா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.